திவே காட்டுக்கு அப்பால் அத்தி

புனேயின் ஏரவாடாவில் குடியிருப்பவர்களுக்கு ஆற்று வாடையும் விமான இரைச்சலும் பழகிப்போனவை. சங்கமத்தில் சேரும் முளாவும் முட்டாவும் நகரத்தின் சாக்கடையைச் சுமந்துகொண்டு எங்கள் பக்கமாகக் கிழக்கே போகின்றன. தலைக்கு மேலே லோகேகாவ் விமான நிலையத்து விமானங்கள். இந்த இரண்டும் புரந்தர் வட்டத்தில் எப்படிப் போய்ச் சேருகின்றன என்பதை, பெரியம்மா மகள் வாழ்க்கைப்பட்ட தோட்டத்துக்குச் சனி ஞாயிறு போனபோது நேரில் பார்த்தேன்.

ஹடப்சர் தாண்டிச் சாஸ்வட் சாலையில் திரும்பினால் முதலில் புர்சுங்கி, உருளி தேவாச்சி. புனேயின் குப்பை மலையாகக் குவிந்த ஊர்கள். ஊர்க்காரர்கள் பல ஆண்டுகள் போராடியும் பார்த்துவிட்டார்கள். அதற்கப்புறம் மஸ்தானி ஏரி, பிறகு திவே காட் மலைப்பாதை. ஆஷாட ஏகாதசிக்காக ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் புறப்படும் ஞானேஸ்வரர் பல்லக்கு ஆண்டுதோறும் இந்த ஏற்றத்தில்தான் ஏறுகிறது. மேலே போனதும் காற்று மாறிவிடும். சாஸ்வட்டுக்கு அப்பால் புரந்தர் கோட்டை தெரிகிறது. 1657-இல் சிவாஜியின் மகன் சம்பாஜி பிறந்த கோட்டை.

மழை குறைந்த சீமை இது. மேட்டுச் சரளை மண்ணில் அத்தியும் சீத்தாவும் நன்றாக வருகின்றன. புரந்தர் அத்திக்கு 2016-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டுக்கு இரண்டு போகம்: குளிர்காலத்துக் காய்ப்பு 'கட்டா', கோடைக் காய்ப்பு 'மீட்டா'. நான் போனது பங்குனி. இனிப்பு ஏறிய மீட்டாப் பருவம்.

மறுநாள் விடியும் முன்பே அக்கா எழுப்பிவிட்டாள். வெயில் ஏறினால் பழம் குழைந்துவிடும்.

"முழுக்கைச் சட்டை போட்டுட்டு வாடா. இலை சொரசொரன்னு இருக்கும், பால் பட்டா அரிக்கும்" என்றாள்.

காம்படியில் தளர்ந்து தலை தொங்கும் பழத்தைத்தான் பறிக்க வேண்டும். கூடையில் அத்தி இலையைப் பரப்பி அடுக்கினோம். ஓரிரு நாளுக்கு மேல் தாங்காத பழம் என்பதால், அத்தான் வெளிச்சம் வருவதற்குள் புனே மார்க்கெட் யார்டுக்கு வண்டியை அனுப்பிவிட்டார். பிறகுதான் கம்பு பாக்ரி, பிட்லே, பச்சை மிளகாய்த் தேச்சா. அக்காவின் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, போதும் என்று சொல்லச் சொல்லத் தட்டில் வெண்ணெய் வைத்துக்கொண்டே இருந்தார்.

தோட்டத்து மூலையில் பிளாஸ்டிக் விரித்த பண்ணைக்குட்டை. தண்ணீர் ஏது என்று கேட்டேன்.

"உங்க ஊர்த் தண்ணிதான் தம்பி" என்றார் அத்தான்.

விளையாட்டுப் பேச்சு இல்லை. எங்கள் வீட்டைக் கடந்துபோகும் முளா-முட்டா ஆற்று நீரைக் கோரேகாவ் மூள் அருகே பம்பு வைத்து மலைமேல் ஏற்றும் புரந்தர் நீரேற்றுப் பாசனத் திட்டம் இந்த வட்டத்துக்குப் பாய்கிறது. நகரம் கழித்துவிட்ட நீரில் கலந்திருப்பது என்னவென்று இவர்களுக்குத் தெரியும். வேறு நீர் கிடையாது என்பதும் தெரியும். அதைக் கொண்டுதான் வறண்ட மேட்டைத் தோப்பாக்கியிருக்கிறார்கள்.

அந்தத் தோப்புக்குத்தான் இப்போது அடுத்த கேள்வி வந்திருக்கிறது. லோகேகாவின் ஓடுபாதை விமானப் படைக்குச் சொந்தம். பயணிகள் விமானங்கள் அங்கே விருந்தாளிகள். ஆகவே புனேக்குத் தனி விமான நிலையம் வேண்டும் என்று புரந்தரில் பார்காவ், கான்வடி, முஞ்சவடி, எகத்பூர், கும்பார்வளண், வன்புரி, உதாச்சிவாடி ஆகிய ஏழு ஊர்களைக் குறித்திருக்கிறார்கள். இவற்றில் கான்வடி, மகாத்மா பூலேயின் முன்னோர் வாழ்ந்த ஊர். 2025-இல் நில அளவைக்கு ட்ரோனோடு வந்தவர்களை விவசாயிகள் மறித்தார்கள். அக்காவின் தோட்டம் அந்த எல்லையை ஒட்டி இருக்கிறது. நல்ல விலை தந்தால் கொடுத்துவிடலாம் என்பவர்களும் ஊரில் உண்டு. கொடுத்துவிட்டு இன்னொரு தோப்பை எங்கே வளர்ப்பது என்பவர்களும் உண்டு. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேச்சும் நடக்கிறது.

புனேக்குப் புதிய விமான நிலையம் தேவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் நகரத்தின் குப்பை போனதும் இந்தச் சாலையில், சாக்கடை நீர் ஏறுவதும் இந்த மேட்டில். திரும்பி வருவதோ அத்தியும் சீத்தாவும். இடத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஏக்கர் கணக்கோடு இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் எடுக்கும் முடிவு நியாயமானதாக இருக்காது.