முழங்காலுக்கு ஒரு ஜெல்

செய்தி ஆசிரியரின் மேசைக்கு அடிக்கடி வந்து சேரும் வெளிநாட்டுச் செய்திகளில் ஒருவகை உண்டு. "தேய்ந்த மூட்டுக்கு விடிவு", "இனிச் சத்திரசிகிச்சை தேவையில்லை" என்பன போன்ற தலைப்புகளோடு வரும் அவை, பக்கத்தின் மூலையில் மீந்து கிடக்கும் இடத்தை நிரப்புவதற்குப் பெரிதும் உதவுவன. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் அவற்றின் அமைப்பை நான் நன்கு அறிவேன். சோதனை விலங்குகளில்தான் நடந்தது என்ற தகவல் கடைசிப் பந்தியில் இருக்கும். இடம் போதாதபோது முதலில் வெட்டப்படுவதும் கடைசிப் பந்திதான்.

ஈய எழுத்துக் காலத்தில் எங்கள் அச்சுக்கூடத்தில் அச்சுக்கோப்பாளராக இருந்த ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். எழுத்துப் பெட்டிகளின் முன்னால் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நின்ற கால்கள் அவருடையவை. இப்போது வயது எண்பதை நெருங்குகின்றது. "தம்பி, முழங்காலுக்கு ஏதோ ஜெல் ஊசி வந்திருக்காம். அஞ்சு இலட்சம் கேக்கினம். மகன் கனடாவிலையிருந்து காசு அனுப்புறன் எண்டு நிக்கிறான். உண்மையோ பொய்யோ எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லும்" என்றார். ஒரு கிழமை அவகாசம் கேட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன்.

எலும்புகள் மூட்டில் சந்திக்கும் இடத்தில் அவற்றின் முனைகளைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான வெண்ணிறப் படையை நமது பாடநூல்கள் கசியிழையம் என்கின்றன. தமிழகத்தார் குருத்தெலும்பு என்பர். முழங்காலில் அதன் தடிப்பு பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீற்றர்தான். அதற்குக் குருதிக் குழாய்களும் இல்லை, நரம்புகளும் இல்லை. கையில் வெட்டுப்பட்டால் குருதி பாய்ந்து, உறைந்து, புண்ணை ஆற்றும் வேலை தொடங்குகின்றது. கசியிழையத்தில் அந்தத் தொடக்கமே நிகழ்வதில்லை. அதில் உயிருள்ள கலங்களும் மிகச் சொற்பம். எஞ்சியதெல்லாம் அக்கலங்கள் தம்மைச் சுற்றிக் கட்டிய கொலாஜன் வலையும், அந்த வலை பிடித்து வைத்திருக்கும் நீரும். அழிந்த கசியிழையம் மீள்வதில்லை என்று இலண்டன் றோயல் சங்கத்துக்கு வில்லியம் ஹண்டர் எழுதியது 1743 இல். அதன்பின் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அந்தத் தீர்ப்பை எவராலும் அசைக்க முடியவில்லை.

முதலில் அசைத்தவர்கள் சுவீடன் நாட்டு கொத்தன்பேர்க் நகரத்தவர்கள். நோயாளியின் சொந்தக் கசியிழையத்தில் ஒரு சிறு துணுக்கை எடுத்து, அதிலுள்ள கலங்களை ஆய்வுகூடத்தில் பெருக்கி, பழுதடைந்த குழிக்குள் விட்டு, மேலே எலும்பின் மேற்சவ்வை மூடிபோலத் தைத்தார்கள். மற்ஸ் பிறிற்பேர்க்கும் அவரது சகாக்களும் 1994 இல் வெளியிட்ட அறிக்கையில் 23 நோயாளிகள் இருந்தனர். தொடை எலும்பின் முனையில் குழி இருந்த 16 பேரில் 14 பேருக்கு நல்ல பயன் கிடைத்தது. முழங்காற் சில்லில் பழுது இருந்த 7 பேரில் இருவருக்கு மட்டுமே அது கிடைத்தது. பின்னைய எண்ணையும் மறைக்காமல் எழுதியிருந்தமை அவர்கள் மீது எனக்கு மதிப்பை ஏற்படுத்தியது.

ஆனால் இம்முறையில் ஒரு சங்கடம் இருந்தது. தட்டையான கண்ணாடித் தட்டில் வளர்க்கப்படும் கசியிழையக் கலங்கள் மெல்ல மெல்லத் தம் குணத்தை மறந்துவிடுகின்றன. உருண்டை வடிவம் போய்த் தட்டையாகி, மூட்டுக்கு வேண்டிய கொலாஜனுக்குப் பதிலாகத் தழும்புகளில் காணப்படும் வகைக் கொலாஜனை உண்டாக்கத் தொடங்குகின்றன. இதற்கான மருந்தை 1982 இலேயே பெனியா, ஷாஃபர் என்ற இருவர் முயலின் கலங்களைக் கொண்டு காட்டியிருந்தனர். குணம் மாறிய கலங்களை எடுத்து அகரோஸ் என்ற ஜெல்லுக்குள் விட்டபோது அவை மீண்டும் உருண்டு, தம் பழைய வேலையைச் செய்யத் தொடங்கின. அகரோஸ் வேறொன்றுமல்ல, நோன்பு காலத்தில் நம் முஸ்லிம் அயலவர் வீடுகளிலிருந்து கிண்ணத்தில் வரும் கடற்பாசி இருக்கின்றதே, அதன் சுத்திகரித்த வடிவந்தான்.

நான் வாசித்தவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான். நான் நினைத்திருந்ததுபோல ஜெல் என்பது ஓட்டையை அடைக்கும் வெறும் சாந்து அன்று. நாலாபுறமும் நீரும் மெல்லிய வலையும் சூழ்ந்த இடத்தில், தான் யார் என்பதைக் கலம் நினைவுகூர்கின்றது. அதன்பின் வந்தவர்கள் அந்த இடத்தை இயற்கையான மூட்டுக்கு மேலும் மேலும் நெருக்கமாக்க முயன்றார்கள். யப்பானில் மிற்சுவோ ஒச்சி கலங்களைக் கொலாஜன் ஜெல்லுக்குள்ளேயே வளர்த்துப் பொருத்தினார். அம்முறைக்கு அந்நாட்டு அரசின் அங்கீகாரம் 2012 இல் கிடைத்தது. அமெரிக்காவில் ஜெனிபர் எலிசீவின் குழுவினர் ஒளி பட்டதும் இறுகும் ஜெல் ஒன்றைக் குழிக்குள் ஊற்றி, கசியிழையத்திலேயே உள்ள கொண்ட்ரொயிற்றின் சல்பேற்றிலிருந்து செய்த பசையால் ஒட்டினார்கள். 2013 இல் வெளியான அந்த ஆய்வில் ஜெல் பெற்றவர்கள் 15 பேர். கொரியாவின் போஹாங் நகரில் இன்னொரு படி மேலே சென்று, கசியிழையத்திலிருந்து கலங்களை முற்றாகக் கழுவி நீக்கி, எஞ்சிய வலையைக் கரைத்து, உடல் வெப்பத்தில் மீண்டும் உறையும் ஜெல்லாக்கினார்கள். முப்பரிமாண அச்சுப்பொறிக்கு அதை மையாகப் பயன்படுத்தினார்கள் என்பதை வாசித்தபோது என் அச்சுக்கூட நண்பர்தான் நினைவுக்கு வந்தார். அந்த அறிக்கை வெளியானது 2014 இல். இத்தகைய இழைய ஜெல்களின் குறை அவற்றின் மென்மை. மாடிப்படி ஏறும்போது உடல் நிறையின் பல மடங்கைத் தாங்கவேண்டிய இடம் அது.

அப்படியாயின் நண்பரிடம் கூறப்பட்ட ஊசி எது? துண்டுப் பிரசுரத்தின் படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். அதில் இருந்தது ஹையலூரொனிக் அமிலம். மூட்டு நீரில் இயல்பாகவே உள்ள பொருள். ஒருகாலத்தில் சேவற்கொண்டையிலிருந்தும் எடுத்தார்கள். ஊசியாகப் போட்டால் சிலருக்குச் சில மாதங்கள் வலி தணியலாம், ஆனால் கசியிழையம் வளராது. அமெரிக்க எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர்களின் அமைப்பு 2021 இல் வெளியிட்ட வழிகாட்டலில் இதை வழமையாகப் பயன்படுத்துமாறு பரிந்துரைக்கவில்லை. இதுவும் ஜெல், அதுவும் ஜெல். பெயர் ஒன்றாயிருப்பதைப் பயன்படுத்தி ஒன்றின் புகழில் மற்றதை விற்பதை வியாபாரத் திறமை என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அதற்கு வேறு சொல் உண்டு.

உண்மையான ஜெல்லாயினும் அவருக்குப் பெரும்பாலும் பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டியிருந்தது. உதைபந்தாடிய இளைஞனின் முழங்காலில் ஒரு குழி விழுந்தால், அதைச் சுற்றிலும் நல்ல கசியிழையம் கரைகட்டி நிற்கும். ஜெல் அதைப் பற்றிக்கொள்ளும். வயோதிபத் தேய்மானம் அப்படியன்று. கரையே இல்லை, எலும்பு, மூட்டுச் சவ்வு எல்லாமே மாறியிருக்கும், அழற்சி புதிதாக முளைப்பதையும் அரிக்கும். 2016 இல் அமெரிக்கா அங்கீகரித்த கல மென்றகட்டுச் சிகிச்சையின் குறிப்பேட்டில், 55 வயதுக்கு மேற்பட்டோரில் அதன் பயன் நிறுவப்படவில்லை என்றே எழுதப்பட்டுள்ளது. கொரியாவில் 2012 இல் அங்கீகரிக்கப்பட்ட, தொப்புள்கொடிக் குருதியின் மூலக்கலங்களை ஹையலூரொனிக் ஜெல்லில் கலந்து வைக்கும் முறை முதியவர்களுக்கும் செய்யப்படுகின்றது. ஆனால் அதுவும் மூட்டைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சைதான், ஊசியன்று.

இவற்றையெல்லாம் சொன்னபோது அவர் சற்றுநேரம் பேசவில்லை. தொடைத் தசைகளுக்கான பயிற்சி, உடல் நிறை, கடைசியாகச் செயற்கை மூட்டு என்று நான் அடுக்கியவை அவர் கேட்க விரும்பியவை அல்ல என்பது எனக்குத் தெரியும். பிறகு, "அப்ப மகன் அனுப்பின செய்தியிலை செம்மறி ஆட்டுக்குச் சுகம் வந்ததெண்டு கிடக்கே?" என்று கேட்டார். மறுநாள் ஒரு எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணரைக் காண அவருக்கு நேரம் எடுத்துக் கொடுத்தேன்.

ஆட்டுச் செய்தி பொய்யல்ல. அமெரிக்காவின் நோர்த்வெஸ்ரேர்ண் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ஸ்ரப் தலைமையிலான குழு, வளர்ச்சியைத் தூண்டும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் நுண்ணிழைகளையும் மாற்றியமைத்த ஹையலூரொனிக் அமிலத்தையும் கலந்து செய்த பசையை ஆடுகளின் மூட்டில் வைத்தது. ஆறு மாதங்களில் நல்ல தரமான கசியிழையம் வளர்ந்ததாக 2024 ஓகஸ்டில் அறிவித்தார்கள். ஆட்டின் மூட்டு நிறை தாங்கும் விதத்தில் மனித முழங்காலுக்கு ஒப்பானது என்பதாலேயே அதைத் தெரிந்தெடுத்தனர். ஆனால் அங்கே நிரப்பப்பட்டவை தேய்ந்த மூட்டுகள் அல்ல; சத்திரசிகிச்சைக் கருவியால் அளவாகச் செதுக்கப்பட்ட குழிகள்.