அரிக்கும் கைகளும் தனித்து வைத்த தட்டும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



கைகளில் தோன்றும் அரிப்புக் கொப்புளங்களைப் பற்றி எழுத மருத்துவர்களே தகுதியானவர்கள். நான் மருத்துவன் அல்லன். ஹிஃப்ழு வகுப்பில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பவன். ஆயினும், இந்தச் சிறிய நோயை அறியாமல் நான் ஒரு பிள்ளைக்கு இழைத்த தவறும், அதே நோய் பின்னர் என் கைகளிலேயே வந்து புகட்டிய பாடமும் பிறருக்குப் பயன்படலாம் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், சித்திரை வெயில் கடுமையாக இருந்த நாட்கள். எங்கள் மதரஸாவின் விடுதியில் தங்கி ஓதும் பன்னிரண்டு வயது மாணவர் ஒருவர் ஸபக் கொடுக்க என் முன் வந்து அமர்ந்தார். அவருடைய விரல்களின் பக்கவாட்டில் சின்னஞ்சிறு கொப்புளங்கள், வேகவைத்த ஜவ்வரிசியைத் தோலுக்கடியில் பதித்து வைத்தாற்போல் தெரிந்தன. ஓதும்போதே ஒரு கையின் விரல்களை மறு கையால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் விடுதியில் சொறிசிரங்கு பரவி, பிள்ளைகள் பலர் பாதி ஓதலில் ஊருக்குத் திரும்ப நேர்ந்தது. அந்த அச்சம் என் மனத்தில் இருந்தது. நோயுற்ற ஒட்டகங்களை நலமான ஒட்டகங்களோடு சேர்க்கலாகாது என்ற நபி (ஸல்) அவர்களின் அறிவுரையும் நினைவுக்கு வந்தது. யாரிடமும் கேட்காமல் அப்போதே முடிவெடுத்தேன். "தம்பி, இது சரியாகிற வரைக்கும் நீ தனியாகச் சாப்பிடு, தனியாகப் படு. யார் கையையும் பிடிக்காதே" என்றேன்.

எங்கள் விடுதியில் நால்வர் ஒரு ஸஹனைச் சுற்றி அமர்ந்து உண்பது வழக்கம். அன்று இரவு முதல் அந்தப் பிள்ளைக்கு மட்டும் சுவரோரம் ஒரு தனித் தட்டு. இரண்டே நாட்களில் மற்ற பிள்ளைகள் அவரைச் "சிரங்கு" என்று அழைக்கத் தொடங்கினர். ஸலாம் சொன்னால் பதில் சொல்லுவார்கள். முஸாஃபஹாவுக்குக் கை நீட்ட மாட்டார்கள். அவரோ கைகளை ஜுப்பாவின் கைப்பகுதிக்குள் இழுத்து மறைத்துக்கொள்ளப் பழகிவிட்டார். ஒரு நாளில் ஒரு பக்கம் மனனம் செய்தவர் கால் பக்கத்தில் தடுமாறினார். நோயின் சோர்வு என்று எண்ணிக்கொண்டேன்.

அவர் ஓதி எழுந்து செல்லும் ஒவ்வொரு முறையும் நான் கிருமிநாசினித் திரவத்தைத் தண்ணீர் கலக்காமல் உள்ளங்கையில் ஊற்றிக் கழுவினேன். பிறகு சவர்க்காரம், பிறகு மீண்டும் ஒரு முறை. ஐவேளை உளூவையும் சேர்த்தால் ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது முறை என் கைகள் நனைந்தன. ஏறத்தாழ மூன்று வாரங்களில் என் விரல்களின் ஓரத்திலும் அதே ஜவ்வரிசிக் கொப்புளங்கள் எழும்பின.

தொற்றிவிட்டது என்றே உறுதியாக நம்பினேன். வீட்டில் தனிப் பாயில் படுத்தேன். ஓடிவந்து மடியில் ஏறும் இளைய மகளை விலகிப் போகச் சொன்னேன். உப்புநீரில் கையை ஊற வைத்தேன், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன், எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தேன், ஊசியால் கொப்புளங்களைக் குத்தியும் பார்த்தேன். இரவில் அரிப்பும் எரிச்சலும் உறங்க விடவில்லை. மருந்துக் கடையில் கையைக் காட்டியபோது ஒரு களிம்பைத் தந்தார்கள். நான்கு நாட்கள் இதமாக இருந்தது; விட்டதும் முன்னிலும் அதிகமாகத் திரும்பியது. இறுதியில் என் மனைவி, "என்னங்க, நீங்களே ஒரு முடிவுக்கு வந்துட்டு மருந்தும் நீங்களே போடுறீங்க. ஒரு தடவை டாக்டர்கிட்ட கேட்டாத்தான் என்ன?" என்றார்.

அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் இருந்த பெண் மருத்துவர் என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டு, விரல் இடுக்குகள், பாதங்கள் எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு கேள்விகள் கேட்டார். வீட்டில் வேறு யாருக்கேனும் அரிப்பு உண்டா? இடுப்பில், தொப்புளைச் சுற்றி, அக்குளில் அரிக்கிறதா? ஒரு நாளைக்கு எத்தனை முறை கை கழுவுகிறீர்கள்? எதைக் கொண்டு கழுவுகிறீர்கள்? கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொன்னதும் சற்றே புன்னகைத்தார். "இது சிரங்கு இல்லை. ஒரு வகை எக்ஸிமா. பாம்ஃபோலிக்ஸ் என்று சொல்வோம். யாரிடமிருந்தும் உங்களுக்கு வரவில்லை. உங்களிடமிருந்து யாருக்கும் போகாது. இத்தனை முறை கிருமிநாசினி ஊற்றினால் தோல் என்னதான் செய்யும்?" என்றார்.

அந்தப் பதிலில் எனக்கு நிம்மதி வரவில்லை. சுவரோரம் இருந்த தனித் தட்டுதான் என் கண்முன் வந்தது. அந்தப் பிள்ளையிடமிருந்து நோய் தொற்றிவிடுமோ என்ற என் அச்சமே என் கைகளைப் புண்ணாக்கியிருந்தது.

மறுநாள் அவரையும் அதே மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவருக்கும் அதே நோய்தான். சிறுவயதில் அவருக்கு இளைப்பு இருந்ததைத் தாயார் தொலைபேசியில் சொன்னார். விடுதியில் பாத்திரம் கழுவும் முறை வரும்போது சோப்புத்தூள் கரைசலில் நெடுநேரம் கைகளை வைத்திருந்ததும், வெயிலும், வியர்வையும் சேர்ந்து நோயைத் தூண்டியிருக்கின்றன என்றார் மருத்துவர். ஏதேனும் கேட்க வேண்டுமா என்று அவர் வினவியபோது, அந்தப் பிள்ளை என்னைப் பார்க்காமல் மருத்துவரைப் பார்த்துக் கேட்டார்: "டாக்டர், நான் எல்லாரோடயும் சேர்ந்து சாப்பிடலாமா?"

அரிப்பைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. ஒரு மாதமாக அவரை வருத்திக்கொண்டிருந்தது எது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அன்று இரவு அவருடைய ஸஹனில் நானும் அமர்ந்தேன். என் கையிலும் கொப்புளங்கள் இருப்பதை எல்லாப் பிள்ளைகளுக்கும் காட்டினேன். இது ஒட்டுவதில்லை என்பதையும், கேட்டறியாமல் தீர்ப்புச் சொன்னது என் தவறு என்பதையும் அனைவர் முன்னிலையிலும் சொல்லி, அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை ஹஜ்ரத்" என்றார். ஆனால் அவர் கைகளை ஜுப்பாவுக்குள் மறைக்காமல் ஓத மேலும் சில வாரங்கள் ஆயின.

எதை எப்படி அறிவது?

மருத்துவர் எனக்கு விளக்கியதையும், அதன்பின் நான் கேட்டறிந்ததையும் சுருக்கமாகத் தருகிறேன்.

பாம்ஃபோலிக்ஸில் கொப்புளங்கள் சிறியவையாக, தெளிந்த நீருடன், தோலின் ஆழத்தில் பதிந்திருக்கும். விரல்களின் பக்கவாட்டிலும் உள்ளங்கையிலும், சிலருக்கு உள்ளங்காலிலும் வரும். கடுமையான அரிப்பும் எரிச்சலும் இருக்கும். இரண்டு மூன்று வாரங்களில் அவை உலர்ந்து, தோல் உரிந்து, சில வேளை வெடிக்கும். பின்னர் மீண்டும் வரலாம். வெயில், மனக்கவலை, அடிக்கடி ஈரமாகும் வேலை, சோப்பு, நிக்கல் உலோகம் போன்றவை தூண்டுதல்கள். காலில் உள்ள படையின் எதிர்விளைவாகவும் கையில் கொப்புளம் வரக்கூடும் என்பதால்தான் மருத்துவர் என் பாதங்களைப் பார்த்தார். 19ஆம் நூற்றாண்டில் இதை விவரித்த மருத்துவர்கள் வியர்வைச் சுரப்பியின் கோளாறு என்று கருதினர்; அக்கருத்து பின்னர் கைவிடப்பட்டது.

சொறிசிரங்கு வேறு. கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு நுண்பூச்சி தோலைத் துளைத்துக் குடியேறுவதால் வருவது. அரிப்பு இரவில் மிகும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, தொப்புள், மறைவிடம் ஆகியவற்றில் சிறு பருக்களும் மெல்லிய கோடுகளும் தெரியும். வீட்டில் ஒருவருக்கு மேல் அரித்தால் இதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். இது நிச்சயமாகப் பரவும்.

மூன்றாவது, ஒரு பொருள் பட்டதால் வரும் ஒவ்வாமை. சிமெண்ட், துணி சோப்பு, முடிச்சாயம் முதலியவற்றால் வரும். பெருநாளுக்கும் நிக்காஹ்வுக்கும் இடும் "கருப்பு மருதாணி"யை நம் பெண்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். இயற்கை மருதாணி செந்நிறமாகவே பிடிக்கும். கருமைக்காகச் சேர்க்கப்படும் முடிச்சாய இரசாயனம், வரைந்த கோலத்தின் வடிவிலேயே கொப்புளங்களை எழுப்பிவிடக்கூடும்.

சிகிச்சை

எனக்கு எழுதித் தந்தது ஒரு ஸ்டீராய்டு களிம்பு. குறித்த நாட்களுக்கு மட்டும். அதனுடன் நறுமணம் சேர்க்காத வெள்ளை வாஸ்லினைப் பகலில் பலமுறை பூசச் சொன்னார். அரிப்பு மிகுந்தால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பதினைந்து நிமிடம் சுற்றி வைக்கலாம். பாத்திரம் கழுவும்போது பருத்திக் கையுறை அணிந்து அதன்மேல் ரப்பர் கையுறை அணிய வேண்டும். மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். அதனடியில் தங்கும் சோப்பு தோலைப் புண்ணாக்கும். கொப்புளத்தைக் குத்தலாகாது. வெடித்த தோலில் கருஞ்சீரக எண்ணெய் உட்பட எதைப் பூசினாலும் சிலருக்கு ஒவ்வாமை வரலாம், கேட்டுவிட்டுப் பூசுங்கள்.

கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளைப் பற்றி மருத்துவர் கடுமையாக எச்சரித்தார். அவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். படைக்கு அதைப் பூசினால் அரிப்பு அடங்கியதுபோல் தோன்றும். படையோ பரவி, அடையாளமே மாறிவிடும். கொப்புளம் சீழ் பிடித்தாலும், வலியுடன் சிவந்து வீங்கினாலும், காய்ச்சல் வந்தாலும் தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

உளூ எடுப்பது எப்படி?

பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. அடிக்கடி நனைவதே தோலை வறட்டக்கூடும். கழுவியபின் தோலைக் காயவிட்டு அப்படியே விடுவதும் அதை வறட்டுகிறது. உளூவுக்குச் சோப்பு தேவையில்லை. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு, அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவான தண்ணீரில் உளூச் செய்திருக்கிறார்கள். குழாயை முழுதாகத் திறந்துவிடும் நமக்கு இது சுன்னத்தாகவும் மருந்தாகவும் அமையும். கழுவியதும் மென்மையாக ஒற்றித் துடைத்து உடனே வாஸ்லின் பூசுங்கள். தண்ணீரைத் தடுக்குமளவு தடித்த களிம்பை உளூவுக்குப் பின் பூசிக்கொள்வது எளிது. நான் மருந்தை ஸுப்ஹுக்குப் பின்னும் இஷாவுக்குப் பின்னும் பூசினேன்.

கட்டுப் போட்டிருந்தாலோ, தண்ணீர் பட்டால் நோய் மிகும் என்று நம்பகமான மருத்துவர் சொன்னாலோ, கட்டின்மேல் மஸ்ஹு செய்வதற்கும் தயம்மும் செய்வதற்கும் மார்க்கத்தில் அனுமதி உண்டு. விவரங்களில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு இருப்பதால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்களுக்குப் பட்டு ஹராம். ஆயினும் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) ஆகியோருக்கு இருந்த அரிப்பின் காரணமாகப் பட்டாடை அணிய நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். அரிப்பை அற்பமென்று நம் மார்க்கம் ஒதுக்கவில்லை.

கேட்பதே மருந்து

ஆறு மாதங்களுக்குப் பின் விடுதியில் இரு பிள்ளைகள் இரவெல்லாம் சொறிந்தனர். இம்முறை நான் எதையும் தீர்மானிக்கவில்லை. முதலில் அழைத்துச் சென்று காட்டினேன். அது உண்மையாகவே சிரங்கு. மருத்துவர் சொன்னபடி விடுதியிலிருந்த அனைவரும், அரிப்பு இல்லாதவர்களும்கூட, ஒரே இரவில் கழுத்துக்குக் கீழே உடல் முழுவதும் பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பைப் பூசிக் காலையில் குளித்தோம். ஒரு வாரத்தில் மீண்டும் ஒரு முறை. துணிகளையும் விரிப்புகளையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தினோம். பூச்சி அழிந்த பின்னும் சில வாரம் அரிப்பு நீடிக்கலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் யாரும் கலங்கவில்லை. யாருக்கும் பட்டப்பெயர் வரவில்லை. பரவும் நோயிலும் ஒருவரை அவமதிக்கத் தேவை இருக்கவில்லை.

தலையில் காயமுற்ற ஒருவருக்குக் குளிப்புக் கடமையானபோது, தயம்முமுக்கு அனுமதியில்லை என்று உடனிருந்தோர் அறியாமல் தீர்ப்புச் சொன்னார்கள். அவர் குளித்து, அதனாலேயே இறந்துபோனார். நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபமுற்று, தெரியாதபோது அவர்கள் ஏன் கேட்கவில்லை என வினவி, அறியாமை என்னும் நோய்க்குக் கேட்பதே மருந்து என உணர்த்தினார்கள். அபூதாவூதில் உள்ள இந்த ஹதீஸைப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். ஒட்டகங்களைப் பற்றிய ஹதீஸ் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது, இது வரவில்லை.

அந்தப் பிள்ளை இன்ஷா அல்லாஹ் இவ்வாண்டு ஹிஃப்ழை நிறைவு செய்கிறார். வெயில் காலத்தில் இருவருக்கும் இன்னும் சில கொப்புளங்கள் வருவதுண்டு. அப்போது அவர் ஸபக் கொடுக்க வந்தால் முதலில் என் கையைப் பார்ப்பார். பிறகு ஜேபியிலிருந்து வாஸ்லின் டப்பாவை எடுத்து என் பக்கம் நகர்த்துவார்.

அறியாமல் பிறரைப் புண்படுத்துவதிலிருந்து நம்மைக் காத்து, நோயுற்ற அனைவருக்கும் ஷிஃபாவையும் ஆஃபியத்தையும் அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.