கணினிக்குள் ஒரு கணினி

என் தந்தையார் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், 1998ஆம் ஆண்டில் ஒரு கணினி வாங்கினார். கரோல்பாக் வீட்டின் மூலையில் அமர்ந்து, தாம் பிறந்த ஊரைப் பற்றியும் டில்லி வந்து சேர்ந்ததைப் பற்றியும் நாள்தோறும் சிறிது தட்டெழுதி வந்தார். 2009இல் அவர் காலமானார். கோப்புகளை ஒரு குறுந்தகட்டில் பதிந்து வைத்தேனேயன்றி, படிக்க எனக்கு மனம் வரவில்லை.

சென்ற தீபாவளிக்கு மறுநாள் என் அன்னையார், "கண்தான் போய்விட்டது, காதாவது கேட்கும்போதே அப்பா எழுதியதைப் படித்துக் காட்டேண்டா" என்றார். எண்பத்து நான்கு வயதில் கேட்பதைத் தள்ளிப்போட முடியுமா?

கோப்பைத் திறந்தேன். தமிழைக் காணோம்; பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே நிறைந்திருந்தன. யூனிகோடு என்னும் பொது ஒழுங்கு பரவுமுன், தமிழ் எழுத்துருக்கள் பலவும் தத்தமக்கெனத் தனி ஒழுங்கு வைத்திருந்தன. தந்தையாரின் பழைய நிரலையே நிறுவலாமென்றால், அது 16 பிட் நிரல். இன்றைய 64 பிட் விண்டோஸ் அதனை ஏற்காது. கடைக்காரர் கையை விரித்தார்.

வழி கண்டவள் என் மகள். "பழைய கணினியைத் தேட வேண்டாம் அப்பா, இதற்குள்ளேயே ஒன்று உண்டாக்கலாம்" என்றாள். வர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மென்பொருளை நிறுவி, 8 ஜிபி நினைவகத்தில் 512 எம்பியையும், வன்வட்டில் 10 ஜிபியையும் பிரித்தளித்தாள். அதனுள் தந்தையாரின் விண்டோஸ் எக்ஸ்பியை ஏற்றினாள். முழு இயந்திரமும் தனக்கே உரியதென்று எண்ணி அது இயங்குமாம். அதன் வன்வட்டு முழுவதும் நம் கணினிக்கு ஒரே ஒரு கோப்புதான்! எக்ஸ்பிக்குரிய ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு முடிந்துவிட்டமையால், பாதுகாப்புக் கருதி அதற்கு இணையத் தொடர்பு தரவில்லை.

வெளியே இருப்பதை விருந்தளிப்பவர் என்றும், உள்ளே இயங்குவதை விருந்தினர் என்றும் இத்துறையினர் வழங்குகிறார்கள். வாசலுக்கு வெளியே இந்தியும் உள்ளே தமிழுமாக டில்லியில் வளர்ந்த எனக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றவில்லை.

நிரல் திறந்தது, தமிழ் தெரிந்தது. அன்னையாரின் அருகில் அமர்ந்து படிக்கலானேன். 1961ஆம் ஆண்டின் குளிர்காலத்துக்கு வந்தேன். புது மனைவி ஊரை நினைத்து இரவெல்லாம் விசும்பியதையும், தேற்றச் சொல் அறியாமல் தாம் உறங்குவதுபோல் கிடந்ததையும் தந்தையார் எழுதியிருந்தார்.

அன்னையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தூங்கிவிட்டார் என்றுதானே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்" என்றார்.

மகள் அனைத்தையும் யூனிகோடுக்கு மாற்றித் தாளிலும் அச்சிட்டுவிட்டாள். விருந்தினரை நம்பி எத்தனை நாள் இருப்பது? சங்கத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: உங்கள் பரணிலும் இத்தகைய குறுந்தகடு இருக்கலாம். அது பழுதாகுமுன், கேட்க வேண்டியவர் இருக்கும்போதே, இறக்கிப் பாருங்கள்.

அச்சிட்ட தாள்கள் இப்போது அன்னையாரின் தலையணை அருகே உள்ளன. அந்தக் குளிர்காலத்தை மட்டும் மீண்டும் மீண்டும் படிக்கச் சொல்கிறார்.