காற்று முதுகில் இருக்கும்போது

குமரி மாவட்டத்தைச் சைக்கிளில் சுற்ற நினைப்பவர்கள், கிளம்புமுன் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே ஓய்ந்துபோகும் இடத்தில், ஆரல்வாய்மொழியில் ஒரு கணவாய் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடுக்கில் நுழைந்து வேகம் பிடித்து முப்பந்தல் வெளியில் பாய்கிறது. காற்றாலைகள் அங்கே காடுபோல் நிற்பது அதனால்தான். ஆடியில் நாகர்கோவிலிலிருந்து தோவாளை வழியாகக் கிழக்கே போனால் பெடலை அழுத்தவே வேண்டாம், வண்டி தானாக ஓடும். திரும்பி வரும்போது அதே சமதரையில், மலையேற்றத்துக்குப் போடுகிற கியரைப் போட்டுக்கொண்டு ஹேண்டில்பாருக்குள் தலையைத் தாழ்த்திக் கிடக்க வேண்டும்.

இந்தக் காற்றை வைத்துத்தான் என் வழியை அமைத்துக்கொண்டேன். காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில் மலையடி வழியாக மேற்கே போவது, கடற்காற்று எழும்புகிற பிற்பகலில் கடலோரமாகக் கிழக்கே திரும்புவது. தோவாளை, பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம், சுருளகோடு, குலசேகரம், பேச்சிப்பாறை, திற்பரப்பு, மாத்தூர். அங்கிருந்து தெற்கே இறங்கிக் குளச்சல், பிறகு முட்டம், மணக்குடி, கன்னியாகுமரி. ஒரே நாளில் முடித்துவிடுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கால் பலத்தை நான் மெச்சுகிறேன். ஆனாலும் நடுவில் ஓர் இரவு குலசேகரம் பக்கம் தங்கிப் போவதே சரி என்பேன். மலையும் பள்ளத்தாக்கும் வயலும் கடலும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த வேறொரு மாவட்டம் தமிழ்நாட்டில் இல்லை. அதை ஓட்டமாக ஓடிக் கடப்பதில் என்ன இருக்கிறது?

தோவாளையில் பூச்சந்தை விடியுமுன்பே கூடிவிடும். கேரளத்துக்குப் போகிற பிச்சியும் அரளியும் மூட்டை மூட்டையாக வேனில் ஏறிக்கொண்டிருக்க, அந்த மணத்தின் ஊடே வடக்கே திரும்பினால் பூதப்பாண்டி வரை பழையாற்றுப் பாசனத்து வயல்கள். பொதுவுடைமைத் தலைவர் ஜீவானந்தம் பிறந்த ஊர் அது. பெரிய ஏற்றம் எதுவும் இல்லை, கால் சூடேறுவதற்கு ஏற்ற தூரம். தடிக்காரன்கோணத்தைத் தாண்டியதும் வயல் ஒதுங்கி ரப்பர் தோட்டம் தொடங்குகிறது.

ரப்பர் காட்டுக்குள் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. மார்கழி, தை மாதங்களில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். சாலையின் இரு ஓரமும் துருநிறத்தில் சருகு குவிந்து கிடக்கும். டயர் அதன்மேல் ஏறினால் நொறுங்குகிற சத்தம் கூடவே வரும். அதே மரங்கள் தளிர்விட்டு மூடிவிட்டால் நடுப்பகலிலும் சாலையில் வெயில் விழாது. ஒரு மரத்தின் அருகே வண்டியைச் சாய்த்துவிட்டுப் பார்த்தேன். பட்டையில் சாய்வாகக் கீறிய வெட்டு. அதன் அடிநுனியில் செருகிய சிறு தகரம். அதிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பால், கம்பியில் கட்டிய சிரட்டைக்குள் விழுகிறது. முந்தைய வெட்டில் வடிந்து காய்ந்துபோன ஒட்டுப்பால் பட்டையோடு நாடாபோல் ஒட்டியிருந்தது. வெயில் ஏறிவிட்டால் பால் சீக்கிரம் உறைந்து ஓட்டம் நின்றுவிடும் என்பதால் பால்வெட்டுகிறவர்கள் இருட்டிலேயே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். நான் போன நேரத்தில் அவர்கள் வாளியோடு பாலெடுக்கத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

அவர்களில் வயதான ஒருவர் என்னைப் பார்த்து நின்றார்.

“இப்படி வேர்த்து ஒழுகச் சவிட்டிட்டு எங்க மக்கா போறிய?”

“பேச்சிப்பாறைக்கு, பாட்டா.”

“பைய போங்க மக்கா. அணை எங்கயும் போயிராது. மேல ஏத்தம் இருக்கு, பாத்துக்கிடுங்க.”

ஏற்றம் இருக்கத்தான் செய்கிறது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே ஒரே தாளத்தில் ஏறிவிடலாம். குமரியின் உள்சாலைகள் அப்படி விடாது. குட்டையான, செங்குத்தான ஏற்றம், உடனே இறக்கம், இறக்கத்தின் அடியில் ஓர் ஓடை, ஓடையைத் தாண்டினால் மறுபடி ஏற்றம். மூச்சு ஒரு நிலைக்கு வரவே வராது. இறக்கத்தில் கிடைக்கிற வேகத்தை வீணாக்காமல், அடுத்த ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். ஏற்றத்தில் பாரம் ஏறிய பிறகு மாற்றினால் செயின் முறுக்கிக்கொண்டு கழன்றுவிடும். வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்றும் தெரியாது. வீட்டு மதில்கள் சாலையை ஒட்டியே எழும்பியிருக்கின்றன. பிரேக்கில் விரல் இருந்துகொண்டே இருக்கட்டும்.

இந்தப் பாடுகளுக்கெல்லாம் மருந்து பெட்டிக்கடையில் தொங்குகிற மட்டிப்பழம். விரல் நீளம்தான் இருக்கும், தேனாக இனிக்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம். சட்டைப் பையில் ஒரு சீப்பு வைத்துக்கொண்டால் பாக்கெட்டில் அடைத்த சத்து உணவு எதுவும் தேவைப்படாது.

பேச்சிப்பாறை அணை கோதையாற்றின் குறுக்கே கட்டப்பட்டு 1906-இல் திறக்கப்பட்டது. திருவிதாங்கூரை மூலம் திருநாள் மகாராஜா ஆண்ட காலம். கட்டிய பொறியாளர் மிஞ்சின் என்ற ஆங்கிலேயர். ஊர்க்காரர்களுக்கு அவர் மூக்கன் துரை. அவருடைய கல்லறையும் அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் ‘பேச்சிப்பாறை 48 அடியில் எத்தனை அடி’ என்பது நாஞ்சில் நாட்டு விவசாயிகள் தினமும் விசாரிக்கிற செய்தி. நீர்ப்பரப்புக்கு அப்பால் மலை அடுக்கடுக்காக நீலம் மங்கிப் போவதைப் பார்த்து நின்றபோது, இந்தத் தண்ணீர் போகிற வழியிலேயே நாமும் போவோம் என்று தோன்றியது.

தண்ணீர் போகிற வழியில் போனால் மாத்தூர் தொட்டிப்பாலம் வரும். இரண்டு குன்றுகளுக்கு நடுவே பறளியாறு ஆழத்தில் ஓடுகிறது. அதற்கு மேலே, 28 தூண்கள் தாங்கி நிற்கும் காங்கிரீட் தொட்டிக்குள் கால்வாய்த் தண்ணீர் ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குப் போகிறது. உயரம் 115 அடி. 1966-இல் முடிந்த வேலை. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து மேட்டு நிலங்களுக்குத் தண்ணீர் கொடுக்கத்தான் இவ்வளவும். மேலே நடைபாதையில் நின்று எட்டிப் பார்த்தால் தென்னையின் கொண்டைகள் காலுக்குக் கீழே தெரியும். காமராஜர் காலத்தில் திட்டமிட்ட எத்தனையோ வேலைகளில், மனிதனின் பாசனத் தேவையை இவ்வளவு அழகாகச் சொல்வது வேறெதுவும் இல்லை என்பது என் எண்ணம்.

இந்தச் சாலைகளுக்கு வேறு பழைய உரிமைக்காரர்களும் உண்டு. சிவராத்திரியை ஒட்டி, முஞ்சிறையில் தொடங்கித் திருநட்டாலம் வரை 12 சிவாலயங்களுக்கு ‘கோவிந்தா, கோபாலா’ என்று சொல்லிக்கொண்டு கையில் விசிறியோடு ஓடுகிற பக்தர்கள். சிவாலய ஓட்டம் என்று பெயர். தூரம் நூறு கிலோமீட்டருக்கு மேல். திற்பரப்பும் திருநந்திக்கரையும் பொன்மனையும் அந்த வரிசையில் உள்ளவை. கியர் வண்டியில் நாம் திணறுகிற அதே ஏற்றங்களை அவர்கள் வெறுங்காலில் இரவோடு இரவாக ஏறி இறங்குகிறார்கள். சைக்கிள்காரருக்கு இதைவிட நல்ல வழித்தடத்தை யாரும் வகுத்துத்தர முடியாது. சிவராத்திரி நேரத்தில் மட்டும் சாலையை அவர்களுக்கே விட்டுவிட வேண்டும்.

மாத்தூரிலிருந்து தெற்கே போகப்போகச் சாலை சரிந்துகொண்டே வரும். குளச்சலில் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். 1741-இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த கடற்கரை அது. இங்கிருந்து கிழக்கே திரும்பினால் பிற்பகல் காற்று முதுகுக்கு வந்துவிடும். மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி, கடியபட்டணம் என்று ஊர் முடிவதும் தொடங்குவதும் தெரியாமல் வீடுகள் தொடரும். ஒவ்வொரு மீனவர் ஊரையும் அதன் தேவாலயக் கோபுரத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். சாலையோரத்தில் வலை பின்னுகிறவர்களும், கருவாடு காயப்போடுகிறவர்களும், பந்து விளையாடுகிற பிள்ளைகளும் இருப்பார்கள். அது அவர்கள் முற்றம். வேகத்தைக் குறைத்து மணியடித்துப் போவதுதான் மரியாதை.

முட்டத்தில் செம்மண் மேடும் கரும்பாறையும் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ‘அலைகள் ஓய்வதில்லை’ பார்த்த தலைமுறைக்கு அந்தப் பாறைகளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மணக்குடியில் பழையாறு கடலில் சேர்கிறது. அதிகாலையில் பூதப்பாண்டி வயலில் பார்த்த அதே ஆறு. மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலத்தை 2004 சுனாமி பெயர்த்து வீசியது. பிறகு கட்டிய பாலத்தில்தான் இப்போது போகிறோம்.

இவ்வளவு சொன்னபின் ஒரு கவலையையும் சொல்ல வேண்டும். கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகிற டாரஸ் லாரிகள், இரண்டு கார்கள் விலகவே சிரமப்படுகிற இந்தச் சாலைகளிலும் ஓடுகின்றன. பின்னால் அந்த இரைச்சல் கேட்டால் இறங்கி ஒதுங்க மண்ணோரம்கூட இல்லை. தார் முடிகிற இடத்தில் சாக்கடையோ மதிலோ தொடங்குகிறது. என்னைப் போல எப்போதாவது வருகிறவர்களின் கஷ்டம் சிறிது. அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இதே சாலையில்தான் தினமும் பள்ளிக்கூடம் போய்வருகிறார்கள். அடுத்த முறை இந்தச் சாலைகளை அகலப்படுத்தும்போது, நெடுஞ்சாலைத் துறையினர் ஓரத்தில் ஒரு மீட்டராவது சைக்கிளுக்கென்று கோடு போட்டு ஒதுக்க வேண்டும். சைக்கிள் கொடுத்த அரசு, அது ஓட இடமும் கொடுக்கட்டும்.