ரேணிகுண்டாப் பள்ளியும் எங்கள் சடுகுடு அணியும்

ரேணிகுண்டா என்றவுடன் அன்பர்களின் நினைவில் எழுவது அதன் இரயில் நிலையமே. சென்னையிலிருந்து மும்பைக்குச் செல்லும் இருப்புப்பாதையில், திருப்பதிக்குக் கிழக்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அச்சந்திப்பு. திருமலைக்குச் செல்வோர் அங்கே வண்டி மாறுவர், தேநீர் அருந்துவர், ஊருக்குள் கால்வைப்போர் சிலரே. அவ்வூரில் ஜில்லா பரிஷத் உயர்நிலைப் பள்ளி ஒன்று உண்டென்பதையும், அங்கே இரயில்வே குடியிருப்பின் தமிழ்ப் பிள்ளைகளும் சுற்றுப்புறச் சிற்றூர்களின் தெலுங்குப் பிள்ளைகளும் ஓரணியாய் நின்று சடுகுடு ஆடினர் என்பதையும் வழிப்போக்கர் எவ்வாறு அறிவர்? ஆடிய நாங்கள்தாம் சொல்லியாக வேண்டும்.

தமிழ் நிலத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறிக்கும் வேங்கடத்தை நாங்கள் நாள்தோறும் மேற்கு வானில் கண்டு வளர்ந்தோம். 1911இல் உருவான சித்தூர் மாவட்டம், 1953 அக்டோபர் 1 அன்று சென்னை மாநிலத்தினின்று பிரிந்து ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960இல் திருத்தணி இப்பால் வந்தது. எங்கள் ஊர் அப்பாலேயே நின்றுவிட்டது. (2022 முதல் அது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது.) குடியிருப்புத் திண்ணைகளில் பெரியவர்கள் இவ்வெல்லைக் கணக்கை மாலைதோறும் புதுப்பித்துக்கொண்டிருப்பார்கள். எங்களுக்கோ, ஆடுகளத்தை இரண்டாகப் பிரிக்கும் சுண்ணாம்புக் கோடு ஒன்றே எல்லை.

வீட்டில் தமிழ், வகுப்பில் தெலுங்கு என்று வளர்ந்த எங்களுக்கு விளையாட்டின் பெயரில் மட்டும் மாற்றமில்லை. நாங்கள் சடுகுடு என்றோம். அவர்கள் செடுகுடு என்றார்கள். பாடிச் செல்பவன் எச்சொல்லைப் பாட வேண்டும் என்பதில் முதலில் சிறு பூசல் இருந்தது. எங்கள் டிரில் மாஸ்டர் விதிநூலைக் காட்டினார்; ‘கபடி’ என்றே பாட வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. இரு சாராரும் தத்தம் சொல்லை ஒரே நாளில் கைவிட்டோம். மொழிப் பிணக்கு ஒன்று இத்தனை எளிதாகத் தீர்ந்ததை நாங்கள் பிறகு எங்கும் கண்டதில்லை.

களத்தை நாங்களே அமைத்தோம். கல் பொறுக்கி, மண்ணைக் கொத்திச் சலித்து, முதல்நாள் மாலையே நீர் தெளித்து வைப்போம். போட்டிக்கு முன் எடை பார்க்க வேண்டும். பள்ளியில் எடைபார்க்கும் கருவி இல்லை. ஆகவே நிலையத்தின் சரக்குத் தராசில், மூட்டைகளுக்கு இடையே, ஒவ்வொருவராக ஏறி நிற்போம். ஆட்டத்தின் நடுவே தமிழில் குறிப்புச் சொல்லிக்கொள்வது எங்கள் அணியின் தந்திரம். அன்று எங்கள் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிப் பக்கத்து அணிகளிடம் அது நன்கு பலித்தது. சித்தூர்ப் பிள்ளைகளிடம் பலிக்கவில்லை; அவர்கள் எங்களைவிட நல்ல தமிழ் பேசினார்கள்!

எதிரணியைவிட எங்களை அச்சுறுத்தியது மாறுதல் உத்தரவு. இரயில்வேத் தொழிலாளியின் மகன் எந்த நேரத்திலும் பெட்டி கட்ட வேண்டியவன். 1977 அக்டோபர் 2 அன்று குந்தக்கல் கோட்டம் தென்னக இரயில்வேயிலிருந்து தென்மத்திய இரயில்வேக்கு மாறியது. அதன்பின் குடியிருப்பில் பேச்செல்லாம் யார் தமிழ்நாட்டுப் பக்கம் போவார், யார் இங்கேயே இருப்பார் என்பதாகவே இருந்தது. எங்கள் அணியும் ஆண்டுக்கு இருவரையேனும் இழந்துவந்தது.

நாங்கள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, மாவட்டப் போட்டிக்கு ஆறு வாரங்களே இருக்கையில், அணித்தலைவனின் தந்தைக்குக் குந்தக்கல்லுக்கு மாறுதல் வந்தது. அவர் பாயிண்ட்ஸ்மேன், ‘மாட்டேன்’ எனச் சொல்லும் நிலையில் உள்ளவர் அல்லர். மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிட்டால் மகன் எங்கள் பள்ளிக்காக ஆட இயலாது. நாங்கள் வாயடைத்து நின்ற அவ்வேளையில், எங்களோடு ஆடிய தெலுங்கு நண்பன் ஒருவனின் தாயார் மூன்று கல் நடந்து குடியிருப்புக்கு வந்தார். “அக்கா, பில்லவாண்ணி மா இண்ட்லோ உஞ்சண்டி” என்றார். பிள்ளையை எங்கள் வீட்டில் விட்டுச் செல்லுங்கள் என்பது அதன் பொருள்.

தலைவனின் தாய் நெடுநேரம் விடை சொல்லவில்லை. பிறகு, “இவன் இராத்திரியில் தனியாக வெளியே போகப் பயப்படுவானே, தாயி” என்றார். எதிரணியின் எழுவர் நடுவே அஞ்சாது புகுந்து மீளும் வீரனின் முகம் அப்போது சிவந்ததைக் காண வேண்டுமே! அந்த அம்மையார் சிரிக்கவில்லை. “மா வாடு தோடு உண்டாடு” என்றார்; தம் மகன் துணையிருப்பான் என்று.

ஆறு வாரமும் அவன் அவ்வீட்டில் ராகி சங்கட்டியும் வேர்க்கடலைத் துவையலும் உண்டு வளர்ந்தான். வளர்ந்தான் என்பது வெறும் சொல்லன்று. எடைவரம்பைத் தாண்டிவிடுவானோ என அஞ்சி, அவனைச் சரக்குத் தராசுக்கு இருமுறை அழைத்துப் போனோம். போட்டியில் முதல் ஆட்டத்தை வென்றோம். இரண்டாவதில் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தபோது இறுதிப் பாட்டுக்கு அவனே சென்றான். மூவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். நடுக்கோட்டுக்கு ஒரு சாண் தொலைவில் மூச்சு அறுந்தது. மறுவாரம் அவனைக் குந்தக்கல் வண்டியில் ஏற்றிவிட்டோம். அந்த அம்மையார் கட்டிக்கொடுத்த சோற்று மூட்டை அவன் மடியில் இருந்தது.

இன்று இவ்விளையாட்டு பெருமை பெற்றுவிட்டது. 1990இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் இடம்பெற்றது. 2014இல் தொழில்முறைப் போட்டித்தொடர் தோன்றியது. அதில் தெலுங்கு டைட்டன்ஸ் என ஓர் அணி, 2017 முதல் தமிழ்த் தலைவாஸ் என ஓர் அணி. இரண்டும் மோதும்போது எங்கள் பழைய அணியினர் யார் பக்கம் நிற்பது? நாங்கள் பெரும்பாலும் தொலைக்காட்சியை அணைத்துவிடுகிறோம். விரிப்பின்மேல் காலணி அணிந்து ஆடும் ஆட்டம் கண்ணுக்கு அழகுதான். ஆயின் மண்ணில் பழகிய பள்ளிப் பிள்ளைக்கு விரிப்பும் காலணியும் எட்டாத செலவாகிவிட்டன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஒரு மாற்றத்தை மட்டும் மனமார வரவேற்கிறோம். எங்கள் தங்கையருக்கு அன்று வளையப்பந்துதான் வாய்த்தது. சடுகுடுக் களத்தை அவர்கள் சுவரோரம் நின்று பார்த்தார்கள். 2010இல் குவாங்சௌ ஆசியப் போட்டியில் பெண்கள் கபடியும் சேர்ந்தது. அவ்வாண்டு இந்தியப் பெண்களே பொன் வென்றார்கள். அண்மையில் அப்பகுதிக்குச் சென்றபோது, ஒரு பள்ளியின் பின்புறம் பத்துப் பன்னிரண்டு சிறுமியர் குந்தியிருந்து மண் சலித்துக்கொண்டிருந்தனர். யாருடன் போட்டி என்று தெலுங்கில் கேட்டோம். சல்லடையைக் கீழே வைக்காமலே ஒருத்தி தமிழில் விடை சொன்னாள்: “யார் வந்தாலும் சரிதான், மாமா.”