'நாங்கதான் மோசம்!'

உங்கள் காலேஜ் டீம் தோற்றுக்கொண்டே இருந்தால் என்ன செய்வீர்கள்? கோச்சைத் திட்டுவீர்கள். சிகாகோ பக்கத்து நார்த்வெஸ்டர்ன் யுனிவர்சிட்டி பையன்கள் சிரித்தார்கள். அவர்களுடைய அமெரிக்கன் ஃபுட்பால் டீம் 1979-லிருந்து 1982 வரை வரிசையாக 34 மேட்ச் தோற்றது. நெடுஞ்சாலையில் 'இன்டர்ஸ்டேட் 94' போர்டில் யாரோ குறும்பாகச் சேர்த்தார்கள்: 'நார்த்வெஸ்டர்ன் 0'. ஸ்கோராம்! 1981-ல் 29-வது தோல்வி, ரெக்கார்டு. உடனே மைதானத்தில் குதித்து, 'நாங்கதான் மோசம்' என்று கோஷம் போட்டு, கோல்போஸ்ட்டைப் பிடுங்கினார்கள். 1982-ல் ஒருவழியாக ஜெயித்தபோதும் பிடுங்கி, மிச்சிகன் ஏரி வரை தூக்கிப் போனார்கள்.

அடிபட்டு ஆடின பையனுக்கு அந்தச் சிரிப்பு வலித்திருக்கும். நம்மாளை நாம் கிண்டலடிக்கலாம், தப்பில்லை. ஆனால் அடுத்த மேட்ச்சுக்கும் போய் உட்காரணும். போவீங்களா?