எண்பது மீற்றர்

நான் கலைப்பீட மாணவனாக இருந்த காலத்தில் காதலிப்பவர்களுக்கு நூலக வாசலும் சிற்றுண்டிச்சாலை மேசையும் இருந்தன. ஓர் ஆணை விரும்பிய ஆணுக்கு அங்கே இடம் எதுவும் இருக்கவில்லை. அத்தகையோரும் எம்முடன் படித்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதைப் பற்றி எவரும் வாய் திறந்ததில்லை.

2009ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜோயல் சிம்காய் என்பவர் அறிமுகப்படுத்திய 'கிரிண்டர்' என்னும் கைத்தொலைபேசிச் செயலி இந்நிலையை மாற்றியது. கைத்தொலைபேசி தரும் இருப்பிடத் தகவலைக் கொண்டு, அருகிலுள்ள பயனாளர்களின் படங்களைத் தொலைவின் வரிசையில் அது அடுக்கிக் காட்டியது. பின்னர் இதே வகையில் வேறு செயலிகளும் வந்தன.

பத்திரிகைத்துறைக்கு வர விரும்பும் பல்கலைக்கழக மாணவர் ஒருவருடன் அண்மையில் நெடுநேரம் உரையாடினேன். அவரும் இத்தகைய செயலி ஒன்றைப் பயன்படுத்தியவர். கொழும்பில் நின்றால் ஒரு கிலோமீற்றருக்குள்ளேயே பல முகங்கள் தெரியுமாம். தான் படிக்கும் ஊரில் முகங்களே இல்லை. ஒரு தோள், ஒரு கடற்கரை, அல்லது வெறும் சதுரம். ஓர் இரவு அவ்வாறான வெறும் சதுரம் ஒன்றின் கீழ் '80 மீற்றர்' என்று இருந்தது. அவர் தங்கியிருந்த வாடகை அறையிலிருந்து 80 மீற்றருக்குள் இருந்தவை நான்கைந்து வீடுகளும் ஒரு கடையும் மட்டுமே.

"சந்தோசம் வரேல்லை சேர், பயந்தான் வந்தது" என்றார். உடனே தனது கணக்கை அழித்துவிட்டார். மறுநாட் காலை கடையில் பாண் வாங்க நின்ற ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்தாராம். அந்த மற்றவரும் அவ்வாறே பார்த்துக்கொண்டு நின்றிருக்கக்கூடும்.

அவரது பயம் வீண்பயம் அல்ல. சோதனைச்சாவடிகளில் "எங்கேயிருந்து வாறாய்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே வளர்ந்த எமது தலைமுறைக்கு, இருப்பிடம் பிறருக்குத் தெரிவதன் பொருள் நன்கு விளங்கும். மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து ஒருவரின் தொலைவை அளந்தால், அந்த மூன்று வட்டங்களும் சந்திக்கும் புள்ளியில் அவர் இருப்பார். செயலி காட்டும் எண்ணைக் கொண்டே இதைச் செய்யலாம் என்று 2014இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எகிப்தில் பொலிஸார் இத்தகைய செயலிகளில் போலிக் கணக்குகள் மூலம் இளைஞர்களை வரவழைத்துக் கைதுசெய்திருக்கிறார்கள்.

எமது நாட்டில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இவ்வுறவைக் குற்றமாக்கியது. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கவில்லை. பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தது. இதனை மாற்றுவதற்கான தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆனால் அது நிறைவேறாமலேயே 2024இல் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது.

தொலைவை மறைக்கும் வசதி இப்பொழுது கிரிண்டரில் உண்டு. எனினும் அருகில் இருப்பவர் முதலில் என்ற வரிசை இருக்கும்வரை அது முழுப் பாதுகாப்பு ஆகாது. முகத்தைக் காட்டாதீர்கள், தனியிடத்தில் சந்திக்காதீர்கள் என்று இளைஞர்களுக்குப் புத்திமதி கூறுவது எளிது. சந்திப்பதற்குப் பயமற்ற ஓர் இடத்தை அவர்களுக்கு நாம் எங்கே வைத்திருக்கிறோம்? சட்டம் மாறுவதற்குக் காலம் எடுக்கலாம். பிள்ளை வாய் திறந்தால் வீட்டை விட்டுத் துரத்தாமல் இருப்பதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.